கன்சோல் கம்பெனி கடையை மூடிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய கேம் எல்லாம் என்ன ஆகும்?

ஐப்பசிமழை, கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஆறு வருடமாக ஒரு பிஎஸ்4, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி, இருக்கிறது. டிஸ்க் நாலுதான். மீதி பதினோரு கேமும் ஆன்லைன் ஸ்டோரில் தள்ளுபடி போடும்போது பார்த்துப் பார்த்து வாங்கியவை. எங்கள் பக்கம் ஃபைபர் வருவதற்கு முன்னால் 80 ஜிபி கேம் ஒன்றை இறக்க மூன்று நாலு ராத்திரி ஆகும், நடுவில் கரண்ட் போனால் இன்னும் ஒரு ராத்திரி. அதனால் ஒவ்வொன்றும் எனக்குச் சேர்த்து வைத்த சொத்து மாதிரி.

இப்போது புதுசு வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த மச்சான், "எக்ஸ்பாக்ஸ்காரனே தன் கேமைக் கொண்டுபோய்ப் பிளேஸ்டேஷனில் விற்கிறான், இன்னும் கொஞ்ச நாளில் பெட்டி செய்வதையே விட்டாலும் விடுவான், நாளைக்கு உன் கம்பெனியும் கையை விரித்தால் என்ன செய்வாய்" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். அவன் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் என் தூக்கம் போய்விட்டது.

நிஜமாகவே ஒரு பெரிய கம்பெனி மூழ்கினால் கேம் உலகமே படுத்துவிடுமா? என்னிடம் இருப்பதெல்லாம் ஓடுமா ஓடாதா? இந்தச் சமயத்தில் புதுசு வாங்கலாமா?

—

கேசட்ஊதி, குன்னூர்

தம்பி, பயப்படாதீர்கள், இது முதல் தடவை இல்லை. 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே சரிந்தது. அட்டாரி என்ற பெரிய கேம் கம்பெனி, விற்காத கேசட்டுகளை லாரியில் ஏற்றிப்போய் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தது, 2014-ல் தோண்டி எடுத்தார்கள், நிஜமாகவே இருந்தது. கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற பேச்சையே கேட்க மாட்டோம் என்று நின்றார்கள். அந்த நேரத்தில்தான் 1985-ல் நிண்டெண்டோ தன் பெட்டியோடு ஒரு குட்டி ரோபோவையும் சேர்த்து, ஏதோ புதுப் பொம்மை போலக் காட்டி உள்ளே நுழைந்தது. ஒருவன் காலி செய்த இடத்தில் இன்னொருவன் பாய் விரித்துவிட்டான்.

அப்புறம் சேகா, நிண்டெண்டோவுக்குப் போட்டியாகப் பெட்டி செய்த கம்பெனி. 2001 ஜனவரி 31 அன்று, எங்கள் டிரீம்காஸ்ட் பெட்டியை நிறுத்துகிறோம், இனிப் பெட்டியே செய்யப்போவதில்லை என்று அறிவித்தார்கள். அப்போது கம்பெனியின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா, தான் கொடுத்திருந்த கடனைத் தள்ளுபடி செய்து, தன் பங்குகளையும் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மார்ச்சிலேயே இறந்துபோனார். இப்படி ஒரு முதலாளியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அதே வருடம் டிசம்பரில் ஜப்பானில் நிண்டெண்டோவின் பெட்டியில் சேகாவின் நாயகன் சோனிக் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் இரண்டும் பத்து வருடம் சக்களத்திச் சண்டை போட்டவை! சேகா இன்றும் கேம் செய்கிறது, சோனிக்கும் இருக்கிறது. போனது பெட்டி மட்டும்தான்.

அதனால் கேம் உலகம் படுக்காது. கேம் செய்கிறவன் வேறு பெட்டிக்குச் செய்வான். ஆனால் எதிரில் போட்டி இல்லாதபோது மிஞ்சியிருக்கிறவன் வைத்ததுதான் விலை, அதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் 97 வாக்கில் ஒரு டிவி கேம் இருந்தது, 9999 கேம் என்று போட்ட மஞ்சள் கேசட், எண்ணிப் பார்த்தால் இருபது தேறும். அது நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற பழைய பெட்டியைப் பார்த்து எவனோ செய்த நகல் என்பது எனக்குக் காலேஜ் போனபிறகுதான் தெரியும். நிண்டெண்டோ 2003-ல் ஃபேமிகாம் செய்வதையே நிறுத்திவிட்டது, நகல் இன்றும் திருவிழாக் கடையில் கிடைக்கிறது. என்னுடையது பரணில் இருக்கிறது. போன பொங்கலுக்குக் கேசட்டை இரண்டு தடவை ஊதிப் போட்டேன், மரியோ வந்துவிட்டார்.

—

லாங்வுட் கருமந்தி

அடேயப்பா, என்ன பீதி. 2023-ல் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் கம்பெனியை வாங்கின மைக்ரோசாஃப்ட், அதாவது எக்ஸ்பாக்ஸ்காரன், திவாலாகுமா? உங்கள் மச்சான் உங்களைக் கலாய்த்திருக்கிறார். கன்சோலே வேண்டாம், பிசி வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது.

—

கேசட்ஊதி, குன்னூர்

கருமந்தி, திவாலானால்தான் மூடுவார்கள் என்று யார் சொன்னது? கூகுளிடம் பணம் இல்லையா? நெட் வழியாகவே கேம் ஆடுகிற ஸ்டேடியா சேவையை 2019 நவம்பரில் திறந்து 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி, அது பெரிய மனசு. நிண்டெண்டோ ஸ்விட்சில் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த அதே 2023 மார்ச்சில்தான் தன் பழைய பெட்டிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் ஸ்டோரில் புதிதாக வாங்குவதை நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29-ல் முடிந்தது. சோனி 2021-ல் பிஎஸ்3 ஸ்டோரை மூடுகிறேன் என்று சொல்லி, ஜனங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த மாதமே பின்வாங்கியது. மூன்று கம்பெனியும் நன்றாகத்தான் இருந்தன. கம்பெனி சாக வேண்டியதில்லை தம்பி, உங்கள் மாடல் அவர்களுக்கு அலுத்துப்போனால் போதும்.

பிசி மட்டும் என்ன? அங்கேயும் ஸ்டோர், அங்கேயும் பாஸ்வேர்ட்.

—

இந்துநகர் பையன், ஊட்டி

எங்கள் அப்பா எச்பிஎஃப்பில் வேலை பார்த்தவர். சின்னவர்களுக்காகச் சொல்கிறேன், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் ஆரம்பித்த மத்திய அரசுக் கம்பெனி, 67-லிருந்து உற்பத்தி. இந்தியா முழுக்க எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ரோலும் எங்கள் ஊரிலிருந்துதான் போயின. ஆயிரக்கணக்கான குடும்பம் அதில் சோறு சாப்பிட்டது. இப்போது எதுவும் ஓடுவதில்லை. எனவே பெரிய கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தவர்கள்.

அப்பாவிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் கேமரா இருந்தது, இப்போது என்னிடம். அந்தக் கேமரா செய்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, அதற்குள் போட்ட ரோலைச் செய்த எச்பிஎஃப்பும் போய்விட்டது. ஆனால் அந்த ரோல் 120 என்ற அளவு. உலகத்தில் யார் செய்த 120 ரோலும் அதில் உட்காரும். இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள், விலைதான் யானை விலை. போன வருடம் ஒன்று வாங்கிப் போட்டு அப்பாவைப் படம் எடுத்தேன், லேசாக ஆடிவிட்டது, ஆனாலும் வந்தது. கேசட்ஊதி அண்ணாவின் டிவி கேமும் இந்த வகைதான், எவன் செய்த கேசட்டும் அந்தப் பள்ளத்தில் போகும். இன்றைய கன்சோல் அப்படி இல்லை. சாவி ஒரே ஒருவனிடம் இருக்கிறது.

நான் ரிப்பேர் வேலை பார்க்கிறேன், கையால் தொட்டது ஒன்று சொல்கிறேன். பிஎஸ்4 போர்டில் கடிகாரத்துக்காக ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோய், நெட்டும் இல்லை என்றால், முன்பெல்லாம் டிஸ்க் போட்டால்கூடக் கேம் திறக்காது. டிராபி, அதாவது ஆட்டத்தில் சாதித்ததற்கான பரிசுச் சின்னம், கொடுக்கத் தேதி சரியாக இருக்க வேண்டுமாம், அதற்காக சர்வரைக் கேட்கும். யோசித்துப் பாருங்கள், சர்வர் ஒருநாள் இல்லாமல் போயிருந்தால், பேட்டரி தீர்ந்த ஒவ்வொரு பிஎஸ்4-ம் செங்கல்தான். ஆட்கள் கண்டுபிடித்துக் கத்தியபிறகு 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில் சத்தமில்லாமல் சரி செய்தார்கள். உங்கள் பெட்டியில் அதற்கப்புறம் வந்த அப்டேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பெட்டியை அலமாரியிலேயே வைத்திருக்கிறவர்களும் சர்வர் இருக்கும்போதே ஒருமுறை நெட்டில் போட்டு ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் நம் ஊர் ஈரம். டிஸ்க், லென்ஸ் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். கம்பெனி மூடுவதற்கு முன்னால் நம் ஜூலை மாதம் பெட்டியை மூடிவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள், டிஸ்க் டப்பாவில் சிலிக்கா பாக்கெட் போடுங்கள். வெளியிலிருந்து குளிரில் கொண்டுவந்த பெட்டியை உடனே போடாதீர்கள், உள்ளே வியர்த்திருக்கும்.

—

கூடலூர் கேம் சென்டர்

நான் நாலு பெட்டி வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவன். நெட் இல்லாவிட்டால் என் வியாபாரம் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஆடியிலும் பரீட்சை நடக்கும். உங்களுக்குக் கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகையில் மழை, எங்களுக்கு ஆனி ஆடியில். மரம் விழுந்து கேபிள் அறுந்தால் மூன்று நாள் ஆள் வரமாட்டான். அந்த மூன்று நாளில் எது ஓடுகிறதோ அது கம்பெனி போனாலும் ஓடும், எது "சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்கிறதோ அது அவர்கள் வீட்டுச் சாமான், நாம் காவல் காக்கிறோம், அவ்வளவுதான். புதுசு வாங்குவதற்கு முன்னால் வைஃபையைப் பிடுங்கிவிட்டு, வைத்திருக்கிற ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

டிஸ்க் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். தி க்ரூ என்று ஒரு கார் கேம், 2014-ல் வந்தது, என்னிடம் டிஸ்க் இருக்கிறது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள், இப்போது அந்த டிஸ்க்கின் மேல் டீ டம்ளர் வைக்கிறேன். அதை வைத்துத்தான் ராஸ் ஸ்காட் என்பவர் கேம்களைக் கொல்லாதீர்கள் என்று ஓர் இயக்கம் ஆரம்பித்து, ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார். நடக்கட்டும். நம் ஊரில் இதற்கு யார் கையெழுத்து வாங்குவது.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2-ல் இன்னொரு கூத்து. கடையில் கேம் அட்டை வாங்கலாம், ஆனால் சில அட்டைகளில் கேமே இருக்காது, சாவி மட்டும்தான், முழுக் கேமையும் நெட்டில் இறக்க வேண்டும். டப்பாவின் முன்பக்கம் எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

பிஎஸ்5 என்றால் டிஸ்க் டிரைவ் உள்ளதாகப் பாருங்கள். இப்போதைய ஸ்லிம் மாடலில் டிரைவைத் தனியாக வாங்கியும் மாட்டலாம், ஆனால் மாட்டினபிறகு ஒருமுறை நெட்டில் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். பத்து வருடம் கழித்து டிரைவ் கெட்டு, வேறு டிரைவ் மாட்டும்போது அந்த சர்வர் இருக்குமா? அதனால் பெட்டி வாங்கின அன்றைக்கே மாட்டிப் பதிவு செய்து, பிறகு அதைக் கழற்றாமல் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கணக்கை யாரோடாவது பங்கு போட்டிருக்கிறீர்களா?

—

ஐப்பசிமழை, கோத்தகிரி

கூடலூர் அண்ணா, அந்தக் கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்கக் கூடாதா.

நேற்று ராத்திரி வைஃபையைப் பிடுங்கினேன். டிஸ்க் நாலும் ஓடின. ஸ்டோரில் வாங்கின பதினொன்றின் மேலும் குட்டிப் பூட்டுப் படம்! ஒன்றுகூடத் திறக்கவில்லை. கைகால் நடுங்கிவிட்டது. அப்புறம் மெனுவில் தேடிப் பார்த்தால், என் கணக்குக்கு முதன்மைப் பெட்டி, அதாவது ஸ்டோர் கேம்கள் நெட் இல்லாமலும் திறக்கிற ஒரே பெட்டி, என்று பதிவாகியிருப்பது கோயம்புத்தூரில் மச்சான் வீட்டுப் பெட்டி. 2020-ல் ஒரு கேமைப் பாதி பாதி போட்டு வாங்கினோம், அவனும் ஆட வேண்டுமே என்று நான்தான் அங்கே வைத்துக் கொடுத்தேன், அத்தோடு மறந்துவிட்டேன். நெட் இருக்கும்வரை என் பெட்டியும் திறந்துகொண்டிருந்ததால் இத்தனை நாள் தெரியவே இல்லை. இது மச்சானுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

போன் போட்டேன். அவன் பெட்டியில் எடுத்துவிட்டால் அவனால் ஆட முடியாதாம், அதற்கு நஷ்ட ஈடாக ஊட்டி வர்க்கி ஒரு கிலோவும் இரண்டு டிஸ்க் இரவலும் கேட்டான். சரி என்றேன். இன்றைக்குக் காலையில் என் பெட்டிக்கு மாற்றிவிட்டு மறுபடி பிடுங்கிப் பார்த்தேன், பத்து திறந்தன. ஒன்று மட்டும் சர்வர் சர்வர் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதைத் தலைமுழுகிவிட்டேன். இந்துநகர் அண்ணா சொன்ன அப்டேட்டும் பார்த்தேன், 9.00-க்கு மேலேதான் இருக்கிறது.

புதுசு வாங்குவது உறுதி, டிரைவோடு. கூடலூர் அண்ணா, பழைய டிஸ்க் எடுக்க நீங்கள் எங்கே போகிறீர்கள், கோயம்புத்தூரா, ஊட்டியிலேயே யாராவது கொடுக்கிறார்களா? பூஞ்சை பிடித்ததை எப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்லுங்கள்.

—

கூடலூர் கேம் சென்டர்

வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மரவேர் மாதிரி கோடு தெரிந்தால் வாங்காதீர்கள். மீதியை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன், இப்போது இங்கே கரண்ட் இல்லை.