மெமோ வாங்கும்போது "ஆட்சேபத்துடன்"னு எழுதணுமா, வேணாமா?

கொருக்குப்பேட்டை_கேட்:
தப்பு பண்ணினேன்னு சொல்லி கம்பெனி குடுக்கிற மெமோவைப் பத்தி, நேத்து இங்க ஒருத்தர் பெரிய வக்கீல் மாதிரி எழுதியிருக்காரு: "மெமோ நீட்டினா தொடாதே. கையெழுத்துப் போட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும்." கீழ வரிசையா கைதட்டல் வேற. தொடலன்னா இன்னா ஆவும் தெரியுமா நைனா? அதே பேப்பர்ல "வாங்க மறுத்தார்"னு எழுதி, ரெண்டு சாட்சிகிட்ட கையெழுத்து வாங்குவான். அப்புறம் வீட்டு விலாசத்துக்குத் தபால், நோட்டீஸ் போர்டுல ஒரு காப்பி. விசாரணைத் தேதியே உனக்குத் தெரியாது. நீ வரலேன்னு ஒருதலையா முடிச்சுடுவான்.

வாங்கு. கடைசி வரிக்கு நேர் கீழ, இடைவெளி விடாம, "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்"னு உன் கையால எழுது. தேதி, மணி, கையெழுத்து. இடைவெளி விட்டா அங்க புதுசா ஒரு வரி முளைக்கும். காலி இடத்துல குறுக்கா கோடு இழு. ரெண்டு பக்கம்னா ரெண்டுலயும் கையெழுத்து. "படித்துப் புரிந்து ஏற்றுக்கொண்டேன்"னு அச்சடிச்சிருந்தா, அடிச்சுட்டு எழுது.

எண்ணூர்_எச்ஆர்:
மீதி எல்லாம் சரி. "ஆட்சேபத்துடன்" எதுக்கு? "பெற்றுக்கொண்டேன்" போதும். பெற்றதுக்குப் போடுற கையெழுத்து பெற்றதுக்கு மட்டும்தான். ஆட்சேபம் சொல்ல வேண்டிய இடம் பதில் கடிதம்.

கொருக்குப்பேட்டை_கேட்:
பதில் கடிதம் நாளைக்கு. பேப்பர் இன்னிக்கு. நடுவுல ஒரு ராத்திரி இருக்கு சாரே. அந்த வார்த்தை இருந்தா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்.

எண்ணூர்_எச்ஆர்:
தூக்கத்துக்கு எழுதுறதா, சட்டத்துக்கு எழுதுறதா? அந்த வார்த்தையைப் பார்த்ததும் மேனேஜர் முறைப்பாரு, "திமிரு"ன்னு ஃபைல்ல ஏத்துவாரு. பலன் பூஜ்யம்.

மணலி_சி_ஷிப்ட்:
ஒரு நிமிஷம். நீங்க பேசுறது வெறும் மெமோவா, விளக்கம் கேட்கிற நோட்டீஸா, குற்றச்சாட்டுக் குறிப்பாணையா (சார்ஜ் ஷீட்)? மூணும் ஒண்ணு இல்ல. குறிப்பாணைன்னா ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நம்பர் போட்டுத் தனித்தனியா மறுக்கணும். விட்ட நம்பரை ஒத்துக்கிட்டதாச் சொல்லுவாங்க.

கொருக்குப்பேட்டை_கேட்:
பேரு எதுவா இருந்தா இன்னா? பேப்பர் பேப்பர்தான். "ஆட்சேபத்துடன்." அவ்ளோதான்.

தண்டையார்பேட்டை_டோக்கன்:
இதுக்கு ஏன் இவ்ளோ சண்டை? கையெழுத்துக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா முடிஞ்சுது.

மணலி_சி_ஷிப்ட்:
மணலிப் பக்கம் கெமிக்கல் பிளாண்ட் உள்ள போனா? கேட்லயே வாங்கி வெச்சுடுவான். உள்ள பேனாவும் பேப்பரும்தான். அதனாலதான் ரெண்டு பிரதி கேக்கணும். ஒண்ணு உனக்கு, ஒண்ணுல கையெழுத்து. தர மாட்டேன்னா, "பிரதி தரப்படவில்லை"ன்னு அவன் பேப்பர்லயே எழுதிடு.

தண்டையார்பேட்டை_டோக்கன்:
காண்ட்ராக்ட் ஆளுங்க கதி? லெட்டர்ஹெட்டே இல்லாத வெள்ளைத்தாள்ல மெமோ வருது. அதைவிட மோசம், வெறும் வெள்ளைத்தாள்ல கையெழுத்து கேக்கறான். ஆறு மாசம் கழிச்சு அது ராஜினாமாக் கடிதமா மாறி நிக்குது.

மணலி_சி_ஷிப்ட்:
வெள்ளைத்தாள்ல யாரு கேட்டாலும் போடாதீங்க. மெமோ லெட்டர்ஹெட் இல்லாம வந்தா, கொடுத்தவர் பேரு, பதவி, எந்த காண்ட்ராக்டர், எந்த ஷிப்ட்னு மேல எழுதிக்குங்க. வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ நம்பர் மூணையும் வீட்டுல வெச்சிருங்க. நாளைக்கு "இவர் எங்க ஆளே இல்ல"ன்னு சொன்னா அதுதான் பேசும்.

எண்ணூர்_எச்ஆர்:
இதெல்லாம் உருப்படியான பேச்சு. பதில்ல "மன்னிக்கவும்"னு ஆரம்பிக்காதீங்க, அந்த ஒரு சொல் முழுக் கடிதத்தையும் சாப்பிடும். புகார் நகல், ஷிப்ட் லாக் புக் நகல், சிசிடிவி பதிவு மூணையும் அன்னிக்கே எழுத்துல கேளுங்க. கேமரா பதிவு பண்ற பெட்டி, அதான் டிவிஆர், நிரம்பினா பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும். லேட்டாக் கேட்டா "இல்ல"ன்னு உண்மையாவே சொல்லுவாங்க. ஆனா மறுபடியும் சொல்றேன், "ஆட்சேபத்துடன்" தேவையில்ல.

கொருக்குப்பேட்டை_கேட்:
எச்ஆர் சாரு சம்பளம் யாரு தர்றான்னு அப்பப்போ ஞாபகம் வருது பாரு. தொழிலாளிக்கு இலவசமா கிடைக்கிற ஒரே வார்த்தை அது. அதையும் புடுங்கணுமா? 1918ல பெரம்பூர்ல இந்த நாட்டுக்கே முதல் தொழிற்சங்கம் வெச்ச ஊரு இது. அதை ஆரம்பிச்ச வாடியா, திரு.வி.க. எல்லாம் "பெற்றுக்கொண்டேன்"னு சொல்லிட்டா சும்மா இருந்தாங்க?

ராயபுரம்_ரவுண்டு:
அதே சங்கத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரு, செல்வபதி செட்டியாரை விட்டுட்டீங்க. எப்பவும் அவரைத்தான் விடுறது.

கொருக்குப்பேட்டை_கேட்:
யாரையும் விடல. மேட்டருக்கு வா.

ராயபுரம்_ரவுண்டு:
மேட்டருக்கு நீங்கதான் 1918ஐ இழுத்தது. போகட்டும், பதிலை பதிவுத் தபால்ல அனுப்புங்க. அனுப்பினதுக்கு அத்தாட்சி இருக்கும்.

எண்ணூர்_எச்ஆர்:
எந்தக் காலத்துல இருக்கீங்க? 2025லயே பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோட சேர்த்தாச்சு.

ராயபுரம்_ரவுண்டு:
சேர்த்தா இல்லாமப் போயிடுச்சா? ஸ்பீடு போஸ்ட்ல "பதிவு"ன்னு கூடுதலாக் கேட்டு வாங்கணும். கவுண்டர்ல கேக்காம வந்தா அது உங்க தப்பு.

எண்ணூர்_எச்ஆர்:
அதைத்தானே நானும் சொன்னேன்.

ராயபுரம்_ரவுண்டு:
சொல்லல. மேல போய்ப் படிங்க.

தண்டையார்பேட்டை_டோக்கன்:
சஸ்பெண்ட் பண்ணா பிழைப்பூதியம் எவ்ளோ? முதல் 90 நாள் பாதிச் சம்பளம்னு சொல்றாங்க. அப்புறம்?

மணலி_சி_ஷிப்ட்:
தமிழ்நாட்டுல 1981 சட்டப்படி 90க்கு மேல 75 சதவீதம், 180 நாள் தாண்டினா முழுசு. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த மத்திய அரசோட புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல 90க்கு அப்புறம் 75னுதான் இருக்கு, முழுசுங்கற பேச்சு இல்ல. அதுல நிலையாணையும் (வேலை, ஒழுங்கு நடவடிக்கை பத்தின கம்பெனி விதிகள்) குறைஞ்சது 300 பேர் இருக்கிற இடத்துக்குத்தான். சின்னப் பட்டறைக்காரங்க இதைத்தான் பேசணும். ஒரு வார்த்தையைப் புடிச்சுத் தொங்கிட்டு இருக்கோம்.

கொருக்குப்பேட்டை_கேட்:
"ஒரு வார்த்தை"யா? யாரு தொங்குறது? நான் ஆரம்பத்துலயே சொன்னேன்: வாங்கு, எழுது, தேதி போடு. புடிச்சுத் தொங்கறது எச்ஆர் சாரு.

எண்ணூர்_எச்ஆர்:
தேதி போடச் சொன்னதுல எனக்கு ஆட்சேபமே இல்ல.

கொருக்குப்பேட்டை_கேட்:
பாத்தியா! உனக்கே அந்த வார்த்தை இல்லாமப் பேச முடியல.

எண்ணூர்_எச்ஆர்:
அது வேற இது வேற.

தண்டையார்பேட்டை_டோக்கன்:
அண்ணே, மூணு நாள்ல பதில் கொடுன்னு மெமோல போட்டிருந்தா, நாலாவது நாள் கொடுக்கலாமான்னு யாராச்சும் சொல்லுங்க.

மணலி_சி_ஷிப்ட்:
மூணாவது நாளுக்குள்ள, ஆவணம் இன்னும் வரல, அவகாசம் வேணும்னு ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகல்ல முத்திரை வாங்கிடுங்க.

கொருக்குப்பேட்டை_கேட்:
அந்த வரியிலயும் "ஆட்சேபத்துடன்" சேர்த்துடு தம்பி.

ராயபுரம்_ரவுண்டு:
செல்வபதி செட்டியாரைப் பத்தி இன்னும் பதில் வரல.