கண்ணை மூடிக்கொண்டு 15-40 ஊற்றச் சொன்ன புண்ணியவான் எங்கே?

பாகூர் ஏரிக்கரை:
என்ஜின் ஆயில் பற்றிப் போன மாதம் பண்ருட்டி பலா என்கிறவர் இங்கே எழுதியதை அப்படியே போடுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று மாற்றக்கூடாது. "டிராக்டர் பழசோ புதுசோ, பெட்ரோலோ டீசலோ, கண்ணை மூடிக்கொண்டு 15-40 ஊற்றுங்கள், எல்லாக் கடையிலும் கிடைக்கும்." நானும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். எங்களுடையது பெர்குசன் டி.இ.20, பெட்ரோல் என்ஜின், சாம்பல் நிறம், தாத்தா 1960களில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது உழவுக்கு விடுவதில்லை, வைக்கோல் டிரெய்லர் இழுக்கும், மாட்டுப்பொங்கலுக்கு மாலை போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றும். இத்தனை வருடம் 20-40 குடித்த வண்டி. 15-40 மாற்றி இருபது மணி நேரம்கூட ஓடியிருக்காது, சூடானதும் ஸ்லோவில் விட்டால் ஆயில் பிரஷர் முள் படுத்துக்கொள்கிறது. ஆயில் இறக்குகிற நட்டைக் கழற்றிக் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது. 15, 20-ஐவிடச் சின்னது. இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஊற்றச் சொன்னவர் வந்து பதில் சொல்லட்டும்.

பண்ருட்டி பலா:
வந்துவிட்டேன். நான் 15-40 என்று சொன்னேன், எழுபது வருட வண்டியில் ஊற்று என்று உங்கள் வீட்டு வாசலில் வந்து சொன்னேனா?

பாகூர் ஏரிக்கரை:
"பழசோ புதுசோ" என்று யார் எழுதியது? பலாப்பழமா?

வில்லியனூர் வாத்தியார்:
கோபம் வேண்டாம். டப்பாவில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்றுதான் போட்டிருக்கும். டபிள்யூ என்பது விண்டர், குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னால் இருக்கும் 40 என்பது 100 டிகிரிச் சூட்டில் அளந்த பிசுபிசுப்பு. இரண்டுக்கும் அது ஒரே 40 வரம்புதான். நாம் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரி இருந்தாலே போர்வை தேடுகிறோம். ஆகவே ஓடிச் சூடான என்ஜினில் 15-40, 20-40 இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. உங்கள் முள் படுப்பதற்குக் காரணம் வேறு.

பாகூர் ஏரிக்கரை:
வாத்தியாரே, புத்தகம் படித்துவிட்டு வருகிறீர்கள், நான் நட்டைக் கழற்றிவிட்டு வருகிறேன். குளிர்காலத்து ஆயில் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பாகூரில் எங்கே பனி பெய்கிறது? குளிர்காலத்து ஆயிலை வெயில் ஊரில் ஊற்றினால் இளகாமல் என்ன செய்யும்? 15, 20-ஐவிடச் சின்னது.

வில்லியனூர் வாத்தியார்:
20டபிள்யூவிலும் அதே டபிள்யூ இருக்கிறதே ஐயா.

பாகூர் ஏரிக்கரை:
அது பெரிய டபிள்யூ.

காட்டுமன்னார்கோயில் டீசல்:
சிரித்து வயிறு வலிக்கிறது. என் மாஸ்ஸி 1035 டிராக்டருக்கு இருபத்தோரு வருடமாக 15-40 தான். வீராணம் பாசனத்தில் தண்ணீர் கட்டிய வயலில் சேடை ஓட்டுகிறேன், இரும்புச் சக்கரம் மாட்டி. முள் ஆடாது அசையாது.

பாகூர் ஏரிக்கரை:
உங்களுடையது டீசல். இது பெட்ரோல். கத்தரிக்காய் விலை கேட்டால் கருவாட்டு விலை சொல்கிறீர்கள்.

நெல்லிக்குப்பத்தான்:
ஆமாம், அதைத்தான் நானும் கேட்கிறேன். டீசல் ஆயிலைப் பெட்ரோல் என்ஜினில் ஊற்றலாமா கூடாதா? டப்பாவில் சி.ஐ.4 என்று போட்டிருக்கிறது, கடைக்காரர் அது லாரி ஆயில் என்கிறார்.

ஓ.டி. ஸ்பேனர்:
கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், பட்டறை வைத்திருக்கிறேன், அதிகம் எழுத மாட்டேன், கையெல்லாம் கிரீஸ். சி என்று தொடங்கினால் டீசலுக்கு, எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. பல டப்பாவில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பழைய என்ஜினில் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் நேராக உரசும், அதற்குத் துத்தநாகம் கலந்த மருந்து ஆயிலில் இருந்தால் நல்லது. புதிய கார்களுக்கு வரும் மெல்லிய பெட்ரோல் ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் இந்த மாதிரிக் கிழவனுக்கு டீசல் 15-40 ஊற்றுவது தப்பே இல்லை. என் கேள்வி வேறு. ஏரிக்கரை அண்ணே, ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா?

பாகூர் ஏரிக்கரை:
ஆயில் குடிக்கிற வண்டி இல்லை எங்களுடையது. லெவல் குறையவே இல்லை. ஒரு விரல் கூடத்தான் இருக்கிறது. அதுவே தெரியவில்லையா, 15-40 இளகிப் பெருகிவிட்டது. 15, 20-ஐவிடச் சின்னது என்று எத்தனை முறை சொல்ல வேண்டும்.

ஓ.டி. ஸ்பேனர்:
கூடத்தான் இருக்கிறதா? அண்ணே, ஆயில் குட்டி போடாது. டிப்ஸ்டிக்கை உருவி மூக்கில் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பழைய தினத்தாளில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம் ஓடியிருந்தால் எரிபொருள் கலந்திருக்கலாம். என்ன ஊற்றி ஓட்டுகிறீர்கள்?

நெல்லிக்குப்பத்தான்:
கார்புரேட்டர் ஒழுகி பெட்ரோல், என்ஜின் அடியில் ஆயில் நிற்கிற சம்புக்குள் போயிருக்கும். என் பைக்கில் அப்படித்தான் ஆனது.

ஓ.டி. ஸ்பேனர்:
பெர்குசனில் கார்புரேட்டர் கீழே இருக்கிறது, மேலே பார்த்து உறிஞ்சுகிற வகை. ஒழுகினால் தரையில் சொட்டும், சம்புக்குள் போகாது. பைக்கை வைத்து டிராக்டருக்கு ஜாதகம் எழுதாதீர்கள்.

நெல்லிக்குப்பத்தான்:
கேட்டதற்கு இவ்வளவு கொழுப்பா. பட்டறைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். ஒரு வாஷர் மாற்றிவிட்டு செட் மாற்றியதாக பில் போடுகிற ஆட்கள்.

ஓ.டி. ஸ்பேனர்:
நான் பில்லே போடுவதில்லை.

பண்ருட்டி பலா:
அதுதான் பிரச்சினை.

பாகூர் ஏரிக்கரை:
பேச்சை மாற்றாதீர்கள். என்ன ஊற்றுகிறேன் என்று கேட்டீர்கள், மறைக்க ஒன்றும் இல்லை. பெட்ரோல்தான், அதில் நாலில் ஒரு பங்கு மண்ணெண்ணெய். தாத்தா காலத்துப் பழக்கம். பெர்குசன் மண்ணெண்ணெயில் ஓடும் என்று உலகத்துக்கே தெரியும். அறுபது வருடமாகக் கெடாத என்ஜின் ஒரு மாதத்தில் கெட்டால், மாறியது என்ன? மண்ணெண்ணெயா மாறியது? ஆயில்தானே மாறியது?

ஓ.டி. ஸ்பேனர்:
அடக் கடவுளே. மண்ணெண்ணெயில் ஓடிய பெர்குசன் தனி மாடல், டி.இ.டி.20. அதற்குக் கம்ப்ரெஷன் குறைவு, மண்ணெண்ணெயை ஆவியாக்கச் சூடு பிடிக்கிற மேனிஃபோல்டு தனி. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும், நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். உங்களுடையது பெட்ரோல் மாடல். வைக்கோலை ஏற்றிக்கொண்டு அரை கிலோமீட்டர் போய் நிறுத்துகிறீர்கள், என்ஜின் சூடே ஆகாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் லைனர் வழியாக, பிஸ்டனில் தேய்ந்த ரிங்கைத் தாண்டி, சம்பில் இறங்குகிறது. அதனால்தான் லெவல் ஏறுகிறது, அதனால்தான் ரசம். 15-40 இல்லை, விளக்கெண்ணெயே ஊற்றினாலும் ரசம் ஆகும்.

பாகூர் ஏரிக்கரை:
அப்படியானால் 20-40 இருந்தபோது ஏன் ஆகவில்லை?

ஓ.டி. ஸ்பேனர்:
ஆகியிருக்கும். அப்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்தீர்களா?

பாகூர் ஏரிக்கரை:
பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஏனென்றால் அது 20.

வில்லியனூர் வாத்தியார்:
ஒரு தகவல், சுவாரஸ்யத்துக்காக. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தது இதே பெர்குசன் டிராக்டர்களில்தான், சக்கரத்தில் செயின் பட்டை மாட்டிக்கொண்டு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். டபிள்யூ எதற்கு என்று அந்தப் பனியை நினைத்தால் புரியும்.

பாகூர் ஏரிக்கரை:
ஹிலாரி துருவத்தில் வைக்கோல் ஏற்றினாரா?

காட்டுமன்னார்கோயில் டீசல்:
மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள் அண்ணே. எங்கள் பக்கம் சாமி விளக்குக்கே இல்லை. பாண்டிக்காரர்களுக்கு பெட்ரோலும் மலிவு, அதிலும் கலப்படம் வேறு.

பாகூர் ஏரிக்கரை:
எங்கள் ஊர் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாரக்கடைசியில் எல்லையில் இருக்கிற கன்னியக்கோயில் தாண்டி வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகக்கூடாது. அந்தப் பக்க நம்பர் பிளேட்டெல்லாம் பார்க்கிறேன் நான்.

நெல்லிக்குப்பத்தான்:
டேங்க் மட்டும்தானா 😀

பண்ருட்டி பலா:
பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் அது ஈரத்தை இழுக்கும், தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் நிற்கும், பழைய ரப்பரும் கார்க்கும் ஊறிப்போகும். அதைக் கவனியுங்கள், என்னைக் கவனிக்காதீர்கள்.

பாகூர் ஏரிக்கரை:
பலா தம்பி, தலைப்பு எத்தனால் இல்லை. நீர் எழுதிய 15-40. "தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி எழுதினால் நான் போய்விடுவேன். ஆனால் எழுத மாட்டீர். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் உங்கள் பக்கம் கிடையாது என்று எனக்கு 2011லேயே தெரியும்.

பண்ருட்டி பலா:
ஆரம்பித்துவிட்டார்.

பாகூர் ஏரிக்கரை:
ஆரம்பிப்பேன். தானே புயல் டிசம்பர் 30 அடித்தது. பொங்கலுக்குள் தோப்பில் விழுந்த மரத்தை இழுக்க வேண்டும் என்று என் சங்கிலியை வாங்கிக்கொண்டு போனது யார்? முப்பதடிச் சங்கிலி, இரண்டு பக்கமும் கொக்கி. இதே பெர்குசன்தான் அதைச் சுமந்துகொண்டு பண்ருட்டி வரை வந்தது, அப்போது உள்ளே இருந்தது 20-40.

பண்ருட்டி பலா:
எங்கள் தோப்பில் தாத்தா வைத்த பலா ஒன்றுகூட மிஞ்சவில்லை, வேரோடு கிடந்தன. அந்த நேரத்தில் வந்து இழுத்துக் கொடுத்தீர்கள், அதை மறக்கவில்லை. ஆனால் சங்கிலியை உங்கள் மச்சான் கையில் கொடுத்துவிட்டேன். பத்து தடவை சொல்லியாகிவிட்டது.

பாகூர் ஏரிக்கரை:
மச்சான் வாங்கவில்லை என்கிறான்.

ஓ.டி. ஸ்பேனர்:
சங்கிலி இருக்கட்டும் அண்ணே. அந்த ஆயிலை இறக்கிவிடுங்கள், அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். சம்பைக் கழற்றி அடியில் இருக்கிற சேற்றை வழித்துவிடுங்கள், அத்தனை வருட அழுக்கு நல்ல ஆயில் பட்டதும் இளகி, ஆயில் உறிஞ்சுகிற சல்லடையை அடைக்கும். ஏர் கிளீனர் அடிக் கிண்ணத்தையும் பாருங்கள். வைக்கோல் தூசிக்கு அதில் ஆயில் இருக்காது, களிதான் இருக்கும், தேங்காய்ப் பிண்ணாக்கு மாதிரி. போன வாரம் ஒருவர் கொண்டுவந்த வண்டியில் அந்தக் கிண்ணத்தில் ஒரு குளவிக்கூடே இருந்தது. மண்ணெண்ணெயை நிறுத்திவிட்டு 15-40 ஊற்றுங்கள், 20-40 ஊற்றுங்கள், எனக்கு இரண்டும் ஒன்று.

பாகூர் ஏரிக்கரை:
இரண்டும் ஒன்று என்றால் எதற்கு இரண்டு நம்பர்? கம்பெனிக்காரன் பைத்தியமா?

வில்லியனூர் வாத்தியார்:
அதைத்தான் ஐயா முதலிலேயே

பாகூர் ஏரிக்கரை:
நீங்கள் இருங்கள். தினத்தாளில் சொட்டு விட்டுப் பார்த்தேன், ஸ்பேனர் சொன்னாரே என்று. வளையம் இருக்கிறது. எல்லா ஆயிலுக்கும் வளையம் இருக்கும், தேங்காய் எண்ணெய்க்கும் இருக்கும். டிப்ஸ்டிக்கில் மண்ணெண்ணெய் வாசனை லேசாக வருகிறது, கொட்டகையிலேயே மண்ணெண்ணெய் கேன் இருக்கிறதே, வராமல் என்ன செய்யும். நாளை 20-40 வாங்கி ஊற்றப்போகிறேன். முள் ஏறினால் இங்கே படம் போடுவேன், அப்போது எல்லோரும் பேசுங்கள்.

ஓ.டி. ஸ்பேனர்:
புது ஆயில் எதை ஊற்றினாலும் முதல் நாள் முள் ஏறும் அண்ணே. ஒரு மாதம் கழித்துப் படம் போடுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:
பார்த்தீர்களா, இப்போதே பயம். 15, 20-ஐவிடச் சின்னது.

காட்டுமன்னார்கோயில் டீசல்:
யாராவது 1035க்கு ஸ்டீயரிங் பாக்ஸ் நல்ல நிலையில் வைத்திருக்கிறீர்களா? தனிச் செய்தி அனுப்பவும்.

நெல்லிக்குப்பத்தான்:
ஸ்பேனரிடம் கேளுங்கள், பில் இல்லாமல் கிடைக்கும்.

பண்ருட்டி பலா:
ஏரிக்கரை அண்ணே, உங்கள் மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வடக்குச் சுவர் ஆணியில் ஒரு சங்கிலி தொங்குகிறது. போன வாரம் கன்றுக்குட்டி பார்க்கப் போனபோது பார்த்தேன். இரண்டு பக்கமும் கொக்கி.

பாகூர் ஏரிக்கரை:
அது வேறு சங்கிலி.