ஏலகிரி ஏறும்போது கார் சூடாகிறது. மே மாதம் மணாலி வரை நம்பிப் போகலாமா?

காட்பாடி டீச்சர்:

வணக்கம். வண்டி விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் மே முதல் வாரம் காரிலேயே மணாலி வரை போக இருக்கிறோம். கல்யாணமாகி 26 வருஷம் ஆகிறது. இதுவரை இரண்டு பேரும் சேர்ந்து போன தூரம் வடக்கே திருப்பதி, மேற்கே பெங்களூர், அவ்வளவுதான். மாமியார் பல வருஷம் படுக்கையில் இருந்தார், அப்புறம் பையன் படிப்பு. இப்போது அவன் வேலைக்குப் போய்விட்டான். கத்திரி வெயிலில் ஏன் கிளம்புகிறீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் லீவு மே மாதத்தில்தான் கிடைக்கும்.

வண்டி 2014 மாடல், பெட்ரோல், 81,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சோதித்துப் பார்க்கலாம் என்று போன ஞாயிறு ஏலகிரிக்குப் போனோம். வாணியம்பாடி தாண்டும் வரை எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது. மலைப்பாதையில் ஏற ஆரம்பித்ததும் மெல்ல மேலே போனது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் சிவப்புக் கோட்டை ஒட்டிவிட்டது. ஓரங்கட்டி போனட்டைத் திறந்தால், எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் பொங்கி வழிகிறது. நன்றாக ஆறிய பிறகு ஒரு பாட்டில் குடிதண்ணீர் ஊற்றி மேலே போனோம். இறங்கும்போது ஒன்றுமில்லை.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினை இறக்கணும், 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மூன்று வருஷம் சீட்டு கட்டிச் சேர்த்த பயணப் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். வீட்டுக்காரர், "ஏசி போடாமல் ஓட்டிக்கலாம், விடு" என்கிறார். அவர் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். நாக்பூர் வெயிலில் ஏசி இல்லாமல் அவரை ஓட்டவிட எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

குடியாத்தத்துக்காரன்:

அக்கா, அவசரத்துக்கு ஒரு வழி. மலையில் ஊசி ஏறினால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுசாக வையுங்கள். எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே இழுபட்டு ஊசி இறங்கும். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் பிழைக்கும். நிரந்தரத் தீர்வை மெக்கானிக் யாராவது சொல்லட்டும்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:

டீச்சர், அவசரப்பட்டு எஞ்சினை இறக்க விடாதீர்கள். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அதற்கு அடையாளம் உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் டீ நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. ரேடியேட்டருக்குள் (எஞ்சின் தண்ணீரை ஆற வைக்கும் முன்பக்கப் பாகம்) குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கும். இவற்றில் எதையும் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னது சரியில்லை.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது நீங்களே பாருங்கள். (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்து வரை இருக்கிறதா? டப்பாவில் எவ்வளவு இருக்கிறது? ரேடியேட்டர் மேல்பக்கம் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் உருண்டையாக இருக்கிறதா, சப்பிப்போய் இருக்கிறதா? அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசி போட்டால் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா? இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

காட்பாடி டீச்சர்:

அண்ணா, இன்று காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். ஆயில் மூடி சுத்தமாக இருக்கிறது. வெள்ளைப் புகை இல்லை. ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறது. ஆனால் டப்பா விளிம்பு வரை நிறைந்திருக்க, ரேடியேட்டரில் நாலு விரற்கடை தண்ணீர் குறைவு. மேல் ஹோஸ் நீங்கள் சொன்ன மாதிரியே சப்பிப்போய் இருந்தது. மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்றை இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிட்டது! தண்ணீர் செங்கல் நிறம். இரண்டு வருஷமாக வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்திருக்கிறார் வீட்டுக்காரர். பழைய மெக்கானிக் ஒருவர் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிப் போட்டுவிட்டதாகவும் இப்போதுதான் சொல்கிறார்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:

பிடித்துவிட்டோம் டீச்சர். ரேடியேட்டர் மூடிதான்.

அது வெறும் மூடி இல்லை, அதில் இரண்டு வால்வு இருக்கிறது. ஒன்று உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் தாங்குகிறது. சரியான கூலன்ட் (தண்ணீரோடு கலந்து ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) கலவையும் சேர்ந்தால் 120 டிகிரி வரை கூடக் கொதிக்காது. அளவு மீறினால் அதே வால்வு திறந்து, விரிந்த தண்ணீரை டப்பாவுக்கு அனுப்பும். இரண்டாவது வால்வு எஞ்சின் ஆறும்போது திறந்து அந்தத் தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கும். உங்கள் மூடியில் இரண்டாவது வால்வு உப்பு பிடித்து ஒட்டிக்கொண்டது. டப்பாவுக்குப் போன தண்ணீர் திரும்பவில்லை, உள்ளே வெற்றிடம், அதனால் ஹோஸ் சப்பியது. ஒவ்வொரு முறையும் ரேடியேட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மலை ஏற்றத்தில் மாட்டிக்கொண்டது. சமதளத்தில் இந்தக் குறை தெரியாது.

புது மூடி சில நூறு ரூபாய்தான். பழைய மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவு பார்த்து வாங்குங்கள். ரேடியேட்டரை ஃபிளஷ் செய்து, முன்னால் ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேர்ந்த தூசியையும் கழுவச் சொல்லுங்கள். நம்ம ஊர் போர் தண்ணீரை இனி வண்டிக்குக் காட்டவே வேண்டாம். குடத்தில் படிகிற அதே வெள்ளைதான் உள்ளேயும் படிகிறது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி குளிரிலும் உறையாது, மணாலிக்கு மேலே அது முக்கியம். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டியே ஆகணும். அது இல்லாமல் மலைக்குளிரில் எஞ்சின் சூடேறாது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

ஆம்பூர் லாரி டிரைவர்:

வண்டி சரியாகட்டும் தங்கச்சி, நான் பாதை சொல்றேன். 22 வருஷமா அந்த ரூட்டில் ஓட்டுகிறேன்.

பெங்களூர் பக்கம் போகாதீங்க, ஊருக்குள்ளே ஊர்ந்தே பாதி நாள் போய்விடும். சித்தூர், ராயச்சோட்டி, கடப்பா, நந்தியால் வழியாக கர்னூல். அது என்.எச். 40. ராயச்சோட்டிக்கும் கடப்பாவுக்கும் நடுவில் குவ்வலசெருவு மலைப்பாதை வரும். போகும்போது இறக்கம், பிரேக்கையே மிதித்துக்கொண்டு இருக்காமல் கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்க. திரும்பி வரும்போது அதே இடம் ஏற்றம், பகல் வெயிலில் ஏறாதீங்க. கர்னூலில் என்.எச். 44 பிடித்தால் டெல்லி தாண்டும் வரை அதே சாலைதான். முதல் ராத்திரி கர்னூல், இரண்டாவது நிர்மல், மூன்றாவது நாக்பூர். நிர்மலில் மரப்பொம்மை நல்லா இருக்கும்.

விடியற்காலை நாலு மணிக்கு எடுங்க, பதினோரு மணிக்கு லாட்ஜில் படுத்துடுங்க. மே மாசம் நாக்பூரில் 45 டிகிரி வரும். அங்கேயிருந்து சிவனி போகும் வழியில் பெஞ்ச் காடு. விலங்குகள் கடக்க சாலையை உயர்த்தி, அடியில் வழி விட்டிருக்காங்க. அதைப் பகல் வெளிச்சத்தில் தாண்டுங்க.

டயரையும் பாருங்க. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழசை நம்பி வடக்கே போக வேண்டாம்.

குடியாத்தத்துக்காரன்:

ஃபாஸ்டேக்கில் வருடப் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. 2025 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை. போக வர உங்களுக்கு நிச்சயம் மிச்சம். ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான். ஆக்ராவிலிருந்து யமுனா விரைவுச் சாலையில் ஏறினால் அங்கே தனியாகக் கட்டணும்.

காட்பாடி டீச்சர்:

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். மூடி, தெர்மோஸ்டாட், ஃபிளஷ், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 4,150 ரூபாய் ஆனது. டயரில் இரண்டு 2017-இல் செய்தவை. அவற்றையும் மாற்றிவிட்டோம், ஆம்பூர் அண்ணன் சொல்லாவிட்டால் அந்த எண்ணைப் பார்க்கவே தெரிந்திருக்காது.

நேற்று மத்தியானம் ஒரு மணிக்கு, வேண்டுமென்றே நல்ல வெயிலில், ஏசி போட்டு மறுபடியும் ஏலகிரி ஏறினோம். நான் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 14 வளைவும் தாண்டி மேலே போய் நின்றபோதும் அது நடுவிலேயே இருந்தது. இன்று காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஹோஸ் உருண்டையாக இருக்கிறது, ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீர்.

மே 3, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம். டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் பின்னால் வைத்தாயிற்று. ராணிப்பேட்டை அண்ணா, பழைய மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு வால்வையும் ஜூனில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டணும்.