மறுபடியும் மார்பகக் குறைப்பு: பெடிக்கிள் தெரியாத கேஸில் எங்கே வெட்டுவது?

நொய்யல்கரை · இரவு 8:40
விவாதத்துக்கு ஒரு கற்பனைக் கேஸ் வைக்கிறேனுங்க. கோயமுத்தூர், ஈரோடு ஓ.பி.க்கு வர்ற மாதிரிதான். 41 வயசு. 14 வருசத்துக்கு முந்தி ரெண்டு பக்கமும் குறைப்பு ஆபரேஷன். அதுக்கப்புறம் ரெண்டு பிரசவம், எடை 11 கிலோ ஏறியிருக்கு. நங்கூரம் மாதிரித் தழும்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் "இரு மார்பகக் குறைப்பு செய்யப்பட்டது" என்று ஒரே வரி. எந்தப் பெடிக்கிள், எத்தனை கிராம் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லை. கழுத்துக்குழியில் இருந்து காம்பு வரை 23 செ.மீ. காம்பில் இருந்து கீழ்மடிப்பு வரை 13 செ.மீ. தோளில் பட்டை பதிஞ்ச பள்ளம், மடிப்பில் வேர்க்குரு, ஆறாத புண். சர்க்கரை இல்லை, புகையிலை இல்லை. என்ன செய்வீங்க?

மருத்துவர் அல்லாதவங்களுக்கு: பெடிக்கிள் என்பது காம்புக்கு ரத்தம் கொண்டுபோக அறுக்காமல் விட்டுவைக்கிற சதைத்தண்டு.

கொடுவாய்க்கத்தி · இரவு 9:02
முதல் ஆபரேஷனில் எந்தத் தண்டை விட்டாங்களோ, அதையேதான் மறுபடியும் விடணும். 1970களில் இருந்து நங்கூரத் தழும்போட பரவலா ஓடினது இன்ஃபீரியர் பெடிக்கிள், அதாவது கீழ்த்தண்டு. 1999-ல் ஹால்-ஃபிண்ட்லேங்கற சர்ஜன் எழுதின பிறகு உள்பக்க, மேல்-உள்பக்கத் தண்டுகள் பரவுச்சு. 14 வருசத்துக்கு முந்தின கேஸ்னா ரெண்டில் எதுவாகவும் இருக்கலாம், தழும்பை வச்சு மட்டும் தீர்மானிக்க முடியாது. கீழ்த்தண்டுன்னு நினைச்சு மேலே அறுத்து, உண்மையில் மேல்-உள்பக்கத் தண்டா இருந்துட்டா, காம்புக்கு வர்ற ரெண்டாம் மூணாம் விலா இடுக்கு ரத்தக்குழாய் போச்சு. கருவட்டம் மூணாம் நாளே கறுக்கும்.

தெரியாத கேஸுக்கு என் பதில் ஃப்ரீ நிப்பிள் கிராஃப்ட். 1922-லேயே தோரெக்ங்கற சர்ஜன் பண்ணினது. காம்பைத் தனியா எடுத்து ஒட்டுப்போடறது கேட்கக் கொடூரமா இருக்கும், ஆனா செத்துப்போன காம்பைவிட ஒட்டுப்போட்ட காம்பு மேல்.

சிறுவாணித்தண்ணி · இரவு 9:31
அண்ணா, கேஸை இன்னொரு வாட்டி படிங்க. 23 செ.மீ. இந்த உடம்புக்கு ஏறக்குறைய சரியான இடம். காம்பு இறங்கலை. கெட்டது காம்புக்குக் கீழே: முதல் ஆபரேஷனில் ஒரு 7 செ.மீ. வச்சிருப்பாங்க, அது 13 ஆயிருச்சு. அடிச்சதை தொங்கி, காம்பு மேலே பார்த்துக்கிட்டு நிக்குது. அப்ப எதுக்குப் பெடிக்கிள்? காம்பை நகர்த்தினாத்தானே தண்டு வேணும்! ஹால்-ஃபிண்ட்லே குழு மறு குறைப்புக்குச் சொல்றதும் இதைத்தான்: புதுசா தண்டு செதுக்காதே, கீழே ஆப்பு வடிவத்தில் எடு, பக்கத்தை லைப்போசக்ஷனில் (குழாய் வச்சுக் கொழுப்பை உறிஞ்சறது) குறை.

நிக்க வச்சு மார்க் பண்ணணும். பழைய செங்குத்துத் தழும்பு ஆப்புக்குள்ளேயே அடங்கணும். அதுக்குப் பக்கத்தில் இணையா புதுக்கோடு போட்டா, ரெண்டு தழும்புக்கு நடுவில் மாட்டுற தோல்பட்டை பட்டினியில் சாகும். கீழ்மடிப்பில் படுக்கைவாக்கில் ஒரு நீள்வட்டம், அதோட சேர்ந்து நடுவில் செங்குத்து ஆப்பு. கருவட்டத்துக்கு நேர் பின்னாடி இருக்கிற கூம்புச்சதையை விரலால்கூடத் தோண்டாதீங்க. தோலடியைப் பிரிச்சு அக்கட்ட இக்கட்ட உரிக்கவும் கூடாது.

கொடுவாய்க்கத்தி · இரவு 9:48
கீழ்மடிப்பில் நீள்வட்டம் எடுக்கறீங்க, சரி. முதல் ஆபரேஷன் இன்ஃபீரியரா இருந்தா அந்த நீள்வட்டம்தான் தண்டோட அடி. அடியையே அறுத்துட்டுக் காம்பு எதில் பிழைக்கும்? மேல்பக்கம் ஏற்கெனவே கருவட்டத்தைச் சுத்தி வெட்டி, தைச்ச தழும்பு.

சிறுவாணித்தண்ணி · இரவு 10:05
கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடறதுக்கு ஏன் இத்தனை வருசமா விவசாயிகள் சண்டை? கசிவுத்தண்ணியில் சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் ஊறுது. காம்பும் அப்படித்தான். முதல் ஆபரேஷன் அன்னிக்கு அது கடைமடை, ஒரே வாய்க்கால். ஆறு மாசம் ஒரு வருசம் போனா, தழும்பைத் தாண்டி நாலாபக்கத் தோலில் இருந்தும் நுண்குழாய் ஊறி வந்துரும். 14 வருசம் ஊறின கிணறு இது. காம்பு இருந்த இடத்திலேயே இருக்கிற வரைக்கும் மேல்பக்கத் தோலும் சதையும் அதைக் காப்பாத்தும். அதோட, வூரிங்கர்ங்கற மருத்துவர் 1998-ல் காட்டின கிடைச்சவ்வு (மார்பகத்துக்குள்ளே படுக்கைவாக்கில் போற சவ்வு) வழியா நெஞ்சுச்சுவரில் இருந்து நடுவுக்கு வர்ற குழாய்களும் இருக்கு. நான் கூம்பைத் தொடாதேன்னு சொன்னது அதுக்குத்தான்.

கொடுவாய்க்கத்தி · இரவு 10:16
கசிவை நம்பி நெல்லு நடலாமா? ஊறியிருக்கும்னு நம்புறீங்க. அளந்தீங்களா?

நொய்யல்கரை · இரவு 10:20
அளக்க என்ன வழி இருக்குங்க?

சிறுவாணித்தண்ணி · இரவு 10:44
முந்தின நாள் சாயங்காலம் பேனா டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமா கேட்க வைக்கிற கருவி), 8 மெகாஹெர்ட்ஸ். நெஞ்செலும்பு ஓரமா ரெண்டாம், மூணாம் இடுக்கில் சத்தம் கேட்கிற இடத்தில் புள்ளி. அங்கிருந்து காம்பு வரைக்கும் தொடர முடியுதான்னு பாருங்க. சத்தம் பாதியில் நின்னா அந்தப் பக்கத்தை நம்பி எதையும் வரையாதீங்க. அதுக்கான கேமரா இருக்கிற ஆஸ்பத்திரின்னா இண்டோசயனின் கிரீன், ரத்தம் ஓடற இடத்தை ஒளிர வைக்கிற சாயம்: 25 மி.கி. குப்பியை 10 மி.லி. ஸ்டெரைல் தண்ணியில் கரைச்சு, 3 மி.லி. நரம்பில், பின்னாடியே சலைன். ஒரு நிமிசத்துக்குள்ள கருவட்டம் ஒளிரணும். அதில் அயோடைடு கலப்பு உண்டு, ஒவ்வாமை கேட்டுக்குங்க.

ரெண்டும் இல்லாட்டி ஊசி முனைதான். நம்மூர்த் தோல் நிறத்தில் கருவட்டம் வெளுக்குதா நீலம் பாரிக்குதான்னு கண்ணை நம்ப முடியாது. குத்தினா பளிச்சுன்னு சிவப்பா வந்தா நல்லது. நாவல்பழச் சாறு மாதிரி கருத்து, சட்டுனு வழிஞ்சா ரத்தம் திரும்பிப் போற வடிகால் அடைப்பு: தையலைத் தளர்த்துங்க, உள்ளே ரத்தக்கட்டு இருக்கான்னு பாருங்க. வரவே இல்லைன்னா வரத்தே இல்லை.

பவானிமயக்கம் · இரவு 11:01
மயக்கம் கொடுக்கிற ஆளுக்கும் ஒரு வார்த்தை மிச்சம் வையுங்க. நீங்க வெட்டு ஓரத்தில் எல்லாம் ரத்தக்குழாயைச் சுருக்கற அட்ரினலின் போட்டுட்டு ஊசி குத்தினா ரத்தம் எப்படி வரும்? கருவட்டத்தைச் சுத்திப் போடாதீங்க. அப்புறம், ரத்தம் கம்மியா கசியணும்னு பிரஷரை இறக்கி வைக்கச் சொல்றீங்க, அதே பிரஷரில் காம்பைச் சோதிச்சு "ஐயோ செத்துருச்சு"ங்கறீங்க. முதலில் பழைய அளவுக்கு ஏத்தச் சொல்லுங்க, அஞ்சு நிமிசம் பொறுங்க, அப்புறம் குத்துங்க. தைக்கிறதுக்கு முந்தியும் ஏத்தணும்; இல்லாட்டி வார்டுக்குப் போனப்புறம் கசிஞ்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடியும் ஓ.டி. திறக்க வேண்டியதுதான்.

லைப்போசக்ஷனுக்கு முந்தி உள்ளே செலுத்தற கரைசல் கணக்கு: 1 லிட்டர் ரிங்கர் லாக்டேட், 1:1000 அட்ரினலின் 1 மி.லி., மரத்துப்போக வைக்கிற 2% லிக்னோகெய்ன் 25 மி.லி. (500 மி.கி.). லிக்னோகெய்ன் உடம்பு எடையில் கிலோவுக்கு 35 மி.கி. வரைக்கும்னா 60 கிலோவுக்கு 2,100 மி.கி. நாலு லிட்டர் போனாலே எல்லைக்கிட்ட வந்தாச்சு. ரத்தத்தில் உச்சம் வர்றது ஏறக்குறைய 12 மணி நேரம் கழிச்சு, அதனால பொழுதோட வீட்டுக்கு அனுப்பாதீங்க. முழு மயக்கத்தில் பண்றதுன்னா லிக்னோகெய்னைக் குறைச்சுக்கலாம்.

பேரூர்ஸ்லைடு · காலை 6:50
பேத்தாலஜி பக்கம் யாருமே எட்டிப்பார்க்கலை. 41 வயசு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எங்கே? பழைய ஆபரேஷனில் கொழுப்பு செத்து சுண்ணாம்பு படிஞ்சிருக்கும், அது கட்டியா தழும்பான்னு கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே தெரியணும். லைப்போசக்ஷனில் உறிஞ்சின கூழை அனுப்பினா எந்த இடத்தில் இருந்து வந்ததுன்னு நான் எப்படிச் சொல்றது? குடும்பத்தில் மார்பகப் புற்று இருந்தா உறிஞ்சறதைக் கம்மி பண்ணி, வெட்டி எடுங்க. வலது, இடது தனித்தனி டப்பா. ஃபார்மலினில் போடறதுக்கு முந்தியே எடை. சதையைப் போல பத்து மடங்கு 10% ஃபார்மலின் ஊத்துங்க. டப்பா நிறையச் சதையை அமுக்கி, மேலாப்பல ரெண்டு சொட்டு தெளிச்சு அனுப்பினா நடுவில் அழுகித்தான் வரும்.

கொடுவாய்க்கத்தி · காலை 7:35
மேமோகிராம் விசயத்தில் மறுபேச்சு இல்லை. லைப்போசக்ஷன் பழைய தழும்புச்சதையில் ஓடாது என்பதையும் சேர்த்துக்குங்க. 4 மி.மீ. குழாய் நாரில் முட்டி நிக்கும், பலம் கொடுத்தா தோலைத் துளைக்கும். பக்கவாட்டுக் கொழுப்புக்கு மட்டும் அது சரி.

கீழ் ஆப்பு இந்தக் கேஸுக்குப் பொருந்தும்னு பாதி மனசோட ஒத்துக்கறேன். ஆனா காம்பை ஏத்த வேண்டி வந்தா? ஒரு 2 செ.மீ.ன்னா கருவட்டத்துக்கு மேலே மேல்தோலை மட்டும் சீவி ஏத்திடலாம். சீவற இடம் வெள்ளையா, பொடிப்பொடியா ரத்தப்புள்ளியோட இருக்கணும். மஞ்சளா கொழுப்பு எட்டிப்பார்த்தா கத்தி ஆழம் போயிருச்சு, அங்கே தோலடி வலை அறுந்திருச்சு. பழைய தழும்பு மேல சீவறப்ப இது சுலபமா நடக்கும், அங்கே தோல் ஒரே கனத்தில் இருக்காது. அதுக்கு மேல ஏத்தணும்னா, தண்டு தெரியாத கேஸில் என் பதில் மாறாது: கிராஃப்ட்.

சிறுவாணித்தண்ணி · காலை 8:10
கிராஃப்ட்டோட விலையையும் சொல்லிட்டு எழுதுங்க அண்ணா. உணர்ச்சி போகும், பால் கொடுக்க முடியாது, காம்பு தட்டையாகும், கருந்தோலில் வெள்ளைத் திட்டு விழும். பச்சை குத்தித்தான் மறைக்கணும்.

கொடுவாய்க்கத்தி · காலை 8:22
சொல்லித்தான் கையெழுத்து வாங்கணும், உங்க ஆப்புக்கும் சேர்த்து. மேஜையில் காம்பு வெளுத்து, தையலைப் பிரிச்சும் திரும்பலைன்னா அங்கேயே கிராஃப்ட்டா மாத்தற நிலை வரும்னு சம்மதப் படிவத்தில் இருக்கணும். மயக்கத்தில் கிடக்கிறவங்ககிட்டப் போய்க் கேக்க முடியாது. மாத்தறதுன்னா 40 மி.மீ. வட்டத்தில் எடுத்து, பின்னாடி கொழுப்பைச் சுரண்டி, மேல்தோல் சீவின உயிருள்ள படுகையில் வைங்க. வரத்து நின்ன பழைய இடத்திலேயே ஒட்டினா கிராஃப்ட்டும் போகும். பாரஃபின் தடவின வலைத்துணி, பஞ்சு வச்சுக் கட்டி 5 முதல் 7 நாள். மேல்தோல் கறுத்து உரியும், அதை முன்கூட்டியே சொல்லாட்டி அந்தம்மா கதிகலங்கிப் போயிருவாங்க.

நொய்யல்கரை · காலை 9:05
கட்டு பிரிச்சப்புறம் எந்த உள்ளாடைங்க?

பின்னல்நூல் · காலை 9:40
நான் பிசியோ. கம்பி வச்சது கூடவே கூடாது. முன்பக்கம் ஜிப் அல்லது கொக்கி, அடிப்பட்டை 4 செ.மீ.க்குக் குறையாம, உள்ளே மெத்துனு தையல். திருப்பூரில் காட்டன்-லைக்ரா பின்னல்துணியில் அளவு கொடுத்தே தைச்சுக்கலாம். வீக்கத்தைக் கணக்கில் விட்டுடாம அளவெடுங்க, இறுக்கம் கருவட்டத்தில் அழுத்தினா இவ்வளவு நேரம் நீங்க சண்டைபோட்ட ரத்த ஓட்டத்தைத் துணியே நிறுத்திரும். விரல் ரெண்டு உள்ளே போகணும்.

கொடுவாய்க்கத்தி · காலை 10:15
சரி, 13 செ.மீ. கேஸுக்கு ஆப்பே போடுங்க. போட்ட பிறகு எந்தப் பக்கம் விட்டீங்க, எத்தனை கிராம் எடுத்தீங்கன்னு நோட்டில் எழுதி, ஒரு நகலை அந்தம்மா கையில் கொடுங்க. காம்பு 30 செ.மீ.யில் தொங்கற கேஸ் ஒண்ணு நாளைக்கு வைக்கிறேன், அப்பப் பார்ப்போம் உங்க கசிவுத்தண்ணியை.