சூரஜ்குண்ட் மேளா: முட்டிவலிக்கார அம்மாவை அழைத்துப் போகலாமா?

நொய்டாவாசி:
பிப்ரவரியில் அம்மா மதுரையிலிருந்து வருகிறார். ஃபரீதாபாத்தில் நடக்கும் இந்தக் கைவினை மேளாவைப் பார்க்க ரொம்ப ஆசை. எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. சமாளிக்கலாமா? அப்புறம், டோக்ரா என்கிற பித்தளைச் சிலை வாங்கினால் அசல் என்று எப்படித் தெரியும்?

பழைய டெல்லிக்காரன்:
ஞாயிறு வேண்டாம் தம்பி. ஒரு நாள் லீவு போட்டு வாரநாளில் காலையிலேயே போங்கள். பதர்பூர் பார்டர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். உள்ளே மேடும் பள்ளமுமாக இருக்கும். அம்மாவுக்குக் கான்வாஸ் ஷூ, ஒரு ஸ்வெட்டர். மேளா 1987-லிருந்து நடக்கிறது, நான் ஏழெட்டு முறை போய்விட்டேன், ஒருமுறைகூட முழுதாகச் சுற்றியதில்லை.

டோக்ராவுக்கு வருகிறேன். களிமண் உருவத்தின் மேல் தேன்மெழுகு இழையைச் சுற்றி, திரும்பவும் மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் பித்தளை இறங்கும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் இரண்டு சிலை அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. கடையில் பத்து யானைக்கும் ஒரே முகம் என்றால் நகர்ந்துவிடுங்கள். நம் சுவாமிமலையிலும் மெழுகு வார்ப்புதான், ஆனால் அங்கே பெரும்பாலும் கெட்டிச் சிலை. டோக்ராவின் வயிற்றில் மண் இருக்கும்.

நொய்டாவாசி:
நன்றி சார். பேரம் பேசலாமா?

பழைய டெல்லிக்காரன்:
செய்தவரே உட்கார்ந்திருந்தால் நான் பேசுவதில்லை. உங்கள் அம்மா பேசுவார், விடுங்கள்.

கும்பகோணம் டிகிரி:
சில்லறை நோட்டு எடுத்துப் போங்க. போன வருஷம் கூட்டத்துல எனக்கு நெட்வொர்க்கே கிடைக்கல, ஜிபே சுத்திக்கிட்டே இருந்துச்சு.