முற்றிய காய்ந்த புல்: யூரியா ஊட்டமா, புண்ணாக்கா?

பட்டிக்காரன்:
விதை கொட்டின பிறகு அறுத்துக் காயவெச்ச புல். சோதனையில் கச்சாப் புரதம் (நைட்ரஜன் அளவை வெச்சுக் கணக்கிடுற புரதம்) 5%தான் வந்தது. 30 கிலோ எடையுள்ள செம்மறிகளுக்கு இதுதான் முக்கியத் தீவனம். யூரியா ஊட்டம் செய்யலாமா, புண்ணாக்கு சேர்த்தாலே போதுமா?

தீவனப்பித்தன்:
யூரியா ஊட்டம்தான். 100 கிலோ புல்லுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். அடியில் ஒரு குருணைகூட நிற்காமல் கரையணும். தார்ப்பாய்மேல் ஒரு சாண் உயரம் புல்லைப் பரப்பி, பூவாளியால் சீராத் தெளிச்சு, நல்லா மிதிச்சு அடுத்த அடுக்கு போடுங்க. கடைசியில் பாலிதீன் தாளால் மூடி, சுத்திவர ஓரத்துக்கு மண் அணைக்கணும். வெயில் காலத்தில் 21 நாள், குளிர் காலத்தில் இன்னும் அதிகம். யூரியா அமோனியாவா மாறி, தண்டைக் கெட்டியாக்குற லிக்னினோட பிடியைத் தளர்த்தும். புரதம் 9% பக்கம் வரும். தண்ணீரைக் குறைச்சா யூரியா அப்படியே கிடக்கும், தாளில் ஓட்டை இருந்தா அந்த இடம் வெள்ளையாப் பூஞ்சை பூக்கும். பூத்ததைக் கொட்டிடணும்.

மசால்தோட்டம்:
அந்த 9-ஐ நம்பிக் கணக்குப் போடாதீங்க. 4 கிலோ யூரியாவில் 1.84 கிலோ நைட்ரஜன், அதாவது 11.5 கிலோ புரதத்துக்குச் சமம். தாளைப் பிரிச்சதும் பாதிக்கு மேல காத்தோட போயிடும். தங்குறதும் நிஜப் புரதமில்ல, பெருவயித்து (ஆட்டோட முதல் இரைப்பை) நுண்ணுயிரிகள்தான் அதைப் புரதமாக்கணும்.

புண்ணாக்குக் கணக்கு இதைவிட நேர். 900 கிராம் புல்லில் 45 கிராம் புரதம். 100 கிராம் கடலைப் புண்ணாக்கில் குறைஞ்சது 40 கிராம். மொத்தம் 85 கிராம், தீவனத்தில் 8.5%. தார்ப்பாயும் வேண்டாம், மூணு வாரக் காத்திருப்பும் வேண்டாம். இல்லேன்னா 250 கிராம் புல்லுக்குப் பதிலா அதே எடை காய்ந்த குதிரைமசால் (புரதம் நிறைஞ்ச தீவனப் பயிர்) போடுங்க. இலை உதிராமக் காயவெச்சதா இருக்கணும். தண்டு மட்டும் மிஞ்சினா பிரயோசனமில்ல.

தீவனப்பித்தன்:
புரதம் சரி, செரிமானம்? புண்ணாக்கு லிக்னினைத் தொடாது. முற்றின தண்டு அப்படியேதான் இருக்கும்.

மசால்தோட்டம்:
லிக்னினைத் தொடாதுதான். ஆனா புரதம் 7%-க்குக் கீழ போனா நுண்ணுயிரிகளே பட்டினி. புல் பெருவயித்தில் தேங்கி நிற்கும், ஆடு தின்கிற அளவும் குறையும். அந்தப் பட்டினியைத் தீர்த்தாலே தின்னும் அளவு கூடும். முதல்ல தீர்க்க வேண்டியது அதுதான்.

கிடைக்காவல்:
ரெண்டு பேரும் விட்ட முக்கியமான விஷயம் ஒண்ணு. யூரியா ஊட்டம் முற்றின, சக்கையான புல்லுக்கு மட்டும்தான். பச்சை மணமும் இலையும் உள்ள நல்ல புல்லில் சர்க்கரை அதிகம். அது அமோனியாவோட சூட்டில் சேர்ந்தா 4-மெத்தில்இமிடசோல்ங்கிற நச்சு உண்டாகலாம். தின்ற ஆடு வெறி பிடிச்ச மாதிரி ஓடி வேலியில் மோதும், நடுங்கும். பால் வழியாக் குட்டிக்கும் போகும். நல்ல புல்லைத் தரம் உயர்த்துறேன்னு யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

பட்டிக்காரன் கேட்ட புல்லுக்குச் செய்யலாம். பிரிச்சதும் ஒரு நாள் உலர்த்தி, கண்ணெரிச்சல் தராத அளவுக்கு வாடை போனதும் போடணும். பழைய தீவனத்தோட கலந்து ஒரு வாரத்தில் மெல்ல ஏத்துங்க. மூணு மாசம் ஆகாத குட்டிக்கு வேண்டவே வேண்டாம், பெருவயிறு இன்னும் வளர்ந்திருக்காது.

கரும்புச்சாறு:
இத்தனை பாடு எதுக்கு? யூரியாவை வெல்லப்பாகில் கரைச்சு தினமும் புல்மேல் தெளிச்சா ஆச்சு.

தீவனப்பித்தன்:
ஆபத்து. ஊட்டத்தில் யூரியா பெரும்பாலும் மாறி முடிஞ்சிருக்கும், உங்க முறையில் மொத்தமும் பெருவயித்துக்குள்ளதான் உடையும். ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கிராமுக்கு மேல கூடவே கூடாது. பசியோட நிற்கிற ஆட்டுக்குத் தொட்டி அடியில் தேங்கின கரைசல் கிடைச்சா அரை மணியில் நுரை, வயிற்று உப்புசம், நடுக்கம். விழுங்க முடியுற ஆட்டுக்கு அரை லிட்டர் வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து மெதுவாக் கொடுத்துட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடணும். விழுங்க முடியாத ஆட்டுக்கு ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிடும்.

கிடைக்காவல்:
யூரியா கொடுக்கிறவங்க கந்தகத்தையும் பாருங்க. 10 பங்கு நைட்ரஜனுக்கு 1 பங்கு வேணும், கம்பளி ஆட்டுக்கு ரொம்ப அவசியம். தாது உப்பு செம்மறிக்கானதா இருக்கட்டும். மாட்டுக்கானதில் உள்ள தாமிரம் செம்மறியோட ஈரலில் சேர்ந்து கொன்னுடும்.

பட்டிக்காரன்:
பொடியா நறுக்கிப் போட்டா சத்து கூடுமா?

மசால்தோட்டம்:
கூடாது, சேதாரம்தான் குறையும். செம்மறி இலையைப் பொறுக்கித் தின்னும். பொடியாக்கினா அந்தப் பொறுக்கல் போய் தண்டும் சேர்ந்து உள்ளே போகும். நறுக்காம 15-20% கூடுதலாப் போட்டு மிச்சத்தை வாரிடுங்க, தின்றதோட தரம் உயரும்.

தீவனப்பித்தன்:
தீவனம் கைக்கு எட்டின இடத்தில் சரி. பற்றாக்குறையில் 20%-ஐ வாரிக் கொட்ட யாருக்கு மனசு வரும்? 3 செ.மீ. நறுக்கி, ஊட்டம் செய்து போட்டா அந்தத் தண்டும் தீவனம்தான்.

மசால்தோட்டம்:
சினையின் கடைசி ஆறு வாரத்தில் அந்தத் தண்டைக் கொடுத்துப் பாருங்க. குட்டி வயிற்று இடத்தைப் பிடிச்சிருக்கும், ஆடு தின்கிறதே கொஞ்சம். அந்த வயிற்றுக்கு ஊட்டம் செய்த தண்டு போதாது. இலையும் புண்ணாக்கும் தானியமும்தான் வேணும். அடுத்த அறுவடையையாவது கதிர் தலைகாட்டும்போதே அறுத்து, ஈரம் 15%-க்கு வந்ததும் கட்டுங்க. 20%-க்கு மேல கட்டினா உள்ளே சூடேறி, பழுப்பு நிறமாகிப் பாகு வாசனை வரும். ஆடு ஆசையாத் தின்னும், ஆனா அந்தப் புரதம் செரிக்காம வெளியே போயிடும்.

தீவனப்பித்தன்:
சினை ஆட்டுக்கு ஒப்புக்கிறேன். கிடாவுக்கும் சினையில்லாத ஆட்டுக்கும் யூரியா ஊட்டம்தான்.