பாட்டு நாடகமே பிடிக்காதவனைப் பற்றி ஒரு பாட்டு நாடகம்: ஆல்பத்தை எப்படி வாங்குவது?

பீளமேடு_பித்தன்:
‘தி கை ஹூ டிட்ன்ட் லைக் மியூசிகல்ஸ்’ பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? ஸ்டார்கிட் என்ற அமெரிக்கக் குழு 2018ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மேடையேற்றியது. அப்புறம் முழு நாடகத்தையும் யூடியூபில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள்.

பால் ஒரு ஆபீஸ் ஆசாமி. யாராவது எதிரே நின்று பாட ஆரம்பித்தாலே அவனுக்கு உடம்பு கூசும். அவன் ஊரில் ‘மம்மா மியா’ என்ற பாட்டு நாடகம் நடக்கும் அரங்கின் மேல் விண்கல் விழுகிறது. அதிலிருந்து ஏதோ ஒன்று ஊருக்குள் பரவுகிறது. தொற்றியவர்கள் எல்லாம் கூட்டமாகப் பாடி ஆடுகிறார்கள், ரத்தம் நீலமாகிவிடுகிறது. எட்டே நடிகர்கள்தான், பலர் ஒன்றுக்கு மேற்பட்ட வேடம் போட்டு ஊரையே காட்டிவிடுகிறார்கள். காபிக் கடையில் டிப்ஸ் போட்டால் பணியாளர்கள் பாட வேண்டுமாம். அங்கே வேலை பார்க்கும் எம்மாவின் முகத்தில் தெரியும் எரிச்சலுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

பாட்டுகள் ஃபைலாகக் கையில் வேண்டும், காசும் அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும். என் டெபிட் கார்டோ வெளிநாட்டுத் தளம் என்றாலே மக்கர் செய்கிறது. வழி சொல்லுங்கள்.

ஒலிநாடாக்காரர்:
கார்டில் கோளாறு இருக்காது தம்பி. 2020 ரிசர்வ் வங்கி விதிப்படி, புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வரும். வங்கி செயலியில் கார்டு அமைப்புகளுக்குப் போய்த் திறந்துவிட்டு, ஒரு வரம்பும் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். டாலர் மாற்றுக் கட்டணமாக வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதற்கு ஜிஎஸ்டி வேறு.

தேடுபொறியில் போய்த் தேடாதீர்கள், குழுவின் சொந்தத் தளத்தில் இருக்கும் சுட்டி வழியாகவே போங்கள். கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்பில் கிடைத்தால் நல்லது. டிஜிட்டல் ஆல்பத்துக்கு அந்தத் தளம் எடுப்பது 15 சதவீதம், டிஷர்ட், சிடிக்கு 10. பணப் பரிமாற்றக் கட்டணம் போக மிச்சமெல்லாம் கலைஞருக்கு.

சும்மா_கேட்பவன்:
யூடியூபில் சும்மா கிடைப்பதற்கு எதற்குச் செலவு? விளம்பரக் காசு அவர்களுக்கும் போகும்தானே.

பீளமேடு_பித்தன்:
போகும், ஆனால் சில்லறை. இந்த நாடகத்தையே கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் காசு திரட்டித்தான் போட்டார்கள். அப்படிக் கொடுத்தவர்கள் புண்ணியத்தில்தான் நாம் இரண்டு பேரும் ஓசியில் பார்த்தோம்.

மழைக்காகம்:
அவசரம் இல்லையென்றால் ‘பேண்ட்கேம்ப் ஃபிரைடே’ வரை பொறுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் ஆரம்பித்தது. அந்த வெள்ளிக்கிழமைகளில் பேண்ட்கேம்ப் தன் பங்கை விட்டுக்கொடுக்கும். எல்லா மாதமும் வராது, தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

இந்த மாதிரி விநோத நாடகம் பிடித்தால் ‘ஹேட்ஸ்டவுன்’ கேளுங்கள், அதுவும் 2010ல் வந்த பழைய ஆல்பத்தை. இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போன ஆர்ஃபியஸ் என்ற பாடகனின் கிரேக்கப் புராணக் கதைதான், பாதாள லோகம் மட்டும் ஒரு தொழிற்சாலை நகரமாகிவிடுகிறது. பாடகி அனாயிஸ் மிட்செல் 2006ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் சின்ன அளவில் ஆரம்பித்தது. இன்னொரு பாடகி ஆனி டிஃப்ராங்கோ தன் ரைட்டியஸ் பேப் நிறுவனத்தில் ஆல்பமாக வெளியிட்டு, பாதாள ராணி பெர்செஃபனியாகத் தானே பாடினார். 2019ல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போய், நாடகங்களுக்கான டோனி விருது எட்டு வாங்கியது. பிராட்வே பதிவு பளபளப்பு, எனக்கு முந்தையதுதான் ஒட்டுகிறது.

பீளமேடு_பித்தன்:
கார்டில் திறந்துவிட்டேன், ஓடிபி வந்தது, பணமும் போனது. இப்போது எந்த வடிவம் என்று கேட்கிறது. ஃப்ளாக்கா, எம்பி3யா?

ஒலிநாடாக்காரர்:
வாங்கியது பேண்ட்கேம்பில் என்றால் இரண்டும் உங்களுடையதுதான். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் வேறு வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஃப்ளாக் தரம் குறையாத பெரிய ஃபைல், அதைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். எம்பி3 சுருக்கிய சின்ன ஃபைல், போனுக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 தாராளம்.